தூரத்தில் இருக்கும் கப்றுகளை யார் பார்ப்பது?

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

இந்த மண்ணில் எங்கள் வரலாற்றுக்கு ஆதாரம் கேட்கப்படும்போது நாம் முதலில் காட்டுவது ஒரு மீசான் கல்லைத்தான். கொழும்பில் கிடைத்த கூபி எழுத்துக் கல்வெட்டு அது. காலித் இப்னு அபூ பகாயா என்பவரின் கப்றுக்கு நாட்டப்பட்டது. முன்னாள் பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அனுப்பிய பிரதியை கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சாமுவேல் லீ மொழிபெயர்க்க, 1827 இல் அது லண்டனில் அச்சாகியது. லீ ஹிஜ்ரி 317 என வாசித்ததைப் பின்வந்தோர் 337 எனத் திருத்தினர். அதாவது கி.பி. 948.

அந்தக் கல் எப்படிக் கிடைத்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஜோன்ஸ்டனின் பதிவின்படி, 1787 அளவில் கொழும்பின் ஒல்லாந்த திசாவை ஒருவர் முஸ்லிம் மையவாடியிலிருந்து அதைப் பெயர்த்தெடுத்துத் தன் வீட்டுப் படிக்கட்டுக்குப் பயன்படுத்தினார். 800 வருடங்களுக்கு மேற்பட்ட கப்றடையாளம் மிதிபடும் கல்லானது. தட்டிக்கேட்க அந்த மையித்தின் சொந்தம் எவரும் அங்கே இருக்கவில்லை.

உறவுகள் தூரத்தில் இருந்தால் ஆண்டவர்களின் கல்லறைக்கும் அதே கதிதான். கண்டி தலதா மாளிகைக்குப் பின்னால் 1817 இல் தொடங்கிய பிரித்தானியப் படையினரின் மயானத்தில் சேர் ஜோன் டொயிலி உட்பட 195 பேர் அடக்கம். 1870களில் அது மூடப்பட்டது. பிறகு காடு மூடி, 1990களின் பிற்பகுதியில்தான் புனரமைக்கப்பட்டது.

அதே கண்டியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தோரின் மயானத்தையும் பாருங்கள். ஏறத்தாழ 200 கல்லறைகள். ஆங்கிலேயர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், நம் நாட்டவர் எல்லோரும் ஒரே இடத்தில். புல் வெட்டப்பட்டிருக்கும், எழுத்து தெளிவாக இருக்கும். பராமரிப்பது 1917 இல் அரச பட்டயத்தால் உருவான போர்க் கல்லறை ஆணைக்குழு. உடல்களை ஊருக்கு அனுப்பாமல் இறந்த நாட்டிலேயே அடக்கிய அவர்கள், ஒவ்வொரு பெயரையும் பதிவேட்டில் எழுதி, சம்பளத்துக்கு ஆட்களையும் வைத்தார்கள். ஆனால் முதலாம் உலகப் போரில் இறந்த ஆபிரிக்கர், மத்திய கிழக்கினர் உட்படக் குறைந்தது 116,000 பேரைப் பெயர் சொல்லி நினைவுகூரவில்லை என்று 2021 ஏப்ரலில் அதே ஆணைக்குழு மன்னிப்புக் கேட்டது. பதிவேட்டில் பெயர் ஏறாதவருக்குக் கல்லும் கிடைக்கவில்லை.

இதற்கு ஒரு மாதம் முன்னர், 2021 மார்ச் 5 ஆம் திகதி, ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் கொவிட் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. கட்டாய எரிப்பில் ஒரு வருடம் நாம் பட்ட வேதனையைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவையே அதற்கு மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஒரு வருட காலத்தில் 3,000 க்கும் அதிகமானோர் அங்கே அடக்கப்பட்டனர். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்து, பௌத்த, கிறிஸ்தவ சகோதரர்களும். கொழும்பு, களுத்துறை, கண்டி என்று எங்கெங்கோ இருக்கும் குடும்பங்களின் உம்மாவும் வாப்பாவும் அந்த மண்ணில் இருக்கிறார்கள். நினைத்தவுடன் போய் ஸியாரத் செய்ய முடியாத தூரம்.

மேலைநாடுகளில் தூரத்துக் குடும்பங்களுக்காகக் கல்லறையைச் சுத்தம் செய்து, முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்புவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. நமது ஊர்களில் அந்த வேலை பள்ளிவாசல் நிருவாகத்தின் பொறுப்பு. கப்றை அலங்கரிக்கச் சொல்லவில்லை. அடையாளத்தைப் பாதுகாப்பதைத்தான் சொல்கிறோம்.

எனவே நிருவாகிகளுக்கும் சக ஆசிரியர்களுக்கும் மூன்று வேண்டுகோள்:

1. கப்று எந்த வரிசையில், எத்தனையாவது, யாருடையது, எப்போது அடக்கப்பட்டது என்ற பதிவேட்டை இரண்டு பிரதிகளாக வையுங்கள்.

2. மையவாடி சிரமதானத்துக்கு முன் பழைய மீசான்களைப் படமெடுங்கள். வரலாற்றுப் பாடத்துக்கு இதைவிட நல்ல செயற்பாடு இல்லை.

3. கல்லில் அசிட் ஊற்றாதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள். சலவைக்கல்லும் முருகைக்கல்லும் சுண்ணாம்பு வகை. அசிட் பாசியோடு எழுத்தையும் தின்றுவிடும். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். எழுத்துக்கு மேல் சுண்ணாம்பும் பூச வேண்டாம்.

மஜ்மா நகரில் இருப்போரின் பிள்ளைகள் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுத இதுதான் நேரம்.

அல்லாஹ் நம் மர்ஹூம்களைப் பொருந்திக்கொள்வானாக.