வெள்ளிப்பாலமும் புலப்படாத வெடிப்பும்

1967 டிசெம்பர் 15ஆம் நாள் மாலை ஐந்து மணியளவில், ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ நதிமீது, மேற்கு வெர்ஜீனியாவின் போயின்ற் பிளெசன்ற் நகரை மறுகரையுடன் இணைத்து நின்ற வெள்ளிப்பாலம் ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் நீரில் வீழ்ந்தது. நத்தார்க் காலமாதலின் பாலத்தில் வாகனங்கள் நெருங்கியிருந்தன. 46 பேர் மாண்டனர். இருவரின் உடல்கள் கிடைக்கவேயில்லை.

1928இல் திறக்கப்பட்ட இத்தொங்குபாலத்தைத் தாங்கியவை கம்பிவடங்கள் அல்ல. இரு நுனிகளிலும் துளைகொண்ட உருக்குச் சட்டங்களை ஆணிகளாற் கோத்தமைத்த சங்கிலிகளே. அவ்வகைப் பாலங்கள் முன்னரும் இருந்தன. ஆயின் அவற்றிற் கண்ணிதோறும் பல சட்டங்கள் அடுக்கப்பட்டன. வெள்ளிப்பாலத்திலோ, வெப்பமூட்டி வலுவேற்றிய புதுவகை உருக்கை நம்பி, கண்ணிக்கு இரண்டே சட்டங்கள் போதுமெனக் கொள்ளப்பட்டது. இரண்டில் ஒன்று முறியின் மற்றையது கோணி ஆணியினின்று கழன்றுவிடும். ஒரு கண்ணி அறின் முழுப்பாலமும் அறும். சிக்கனமெனத் தோன்றிய இம்முடிவிலேயே அழிவின் வித்து இருந்தது.

நதியினின்று மீட்கப்பட்ட சிதைவுகளை ஆராய்ந்தோர், 330ஆம் இலக்கச் சட்டத்தின் துளையோரத்தில் முறிவின் தொடக்கத்தைக் கண்டனர். அங்கிருந்த வெடிப்பின் ஆழம் ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் மட்டுமே! தகைப்பும் அரிப்பும் ஒருங்கு தொழிற்பட்டு நாற்பது ஆண்டுகளாக அதனை வளர்த்திருந்தன. வலிமை மிக்க அவ்வுருக்கு நொறுங்குந் தன்மையும் உடையது; ஆதலின் குளிர்மிக்க அம்மாலையில் சட்டம் முன்னறிவிப்பின்றி முறிந்தது. (பழைய சாபமொன்றே காரணமென ஊரார் சிலர் கூறியது வேறு கதை.)

பரிசோதகர் இதனைக் கண்டிருக்கலாகாதா? மூட்டினைப் பிரித்தாலன்றி அவ்விடம் கண்ணுக்குப் புலப்படாது; மூட்டினைப் பிரிப்பதோ பாலத்தையே பிரிப்பதாகும். எனவே குறை பரிசோதகரின் கண்ணில் அன்று, பார்வைக்கு இடங்கொடாத அமைப்பிலேயே இருந்தது. அதே நதியின்மேல், சென்ற் மேரீஸ் நகரருகே, இதே அமைப்பில் எழுந்திருந்த மற்றொரு பாலம் முன்னெச்சரிக்கையாக மூடப்பட்டு 1971இல் தகர்க்கப்பட்டது. நம்பகத்தன்மையை நிறுவ இயலாமையே அதனைக் கைவிடப் போதிய காரணமாயிற்று.

அதே 1971இல் அந்நாட்டின் முதலாவது தேசியப் பாலப் பரிசோதனை நியமங்கள் நடைமுறைக்கு வந்தன. இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதனை நிகழவேண்டுமென அவை விதித்தன. எனினும், தனியொன்று முறியினும் பாலத்தை வீழ்த்தவல்ல உறுப்புகளை வேறுபிரித்து இனங்கண்டு சோதிக்கும் விதி சேர்க்கப்பட்டது, கனெற்றிக்கற் மாநிலத்தில் மயானஸ் நதிப் பாலத்தின் ஒரு பகுதி 1983இல் வீழ்ந்த பின்னர், 1988இலேயே.