நடை, சைக்கிள், குதிரை: செங்கல்பட்டுப் பாதைகளின் கதை

1/ சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு நடந்தே போகணும்னா எந்த வழியா போவீங்க? ஈசிஆர் ஓரமா போனா பின்னாடி வர்ற பஸ் மேல ஒரு கண்ணு இருக்கணும். கடற்கரை மணல்ல போகலாம்னா, உள்ளே இறங்கற சந்தைக் கண்டுபிடிக்கறதே பெரும்பாடு. பாதை யாருக்குச் சொந்தம்ங்கிற கேள்விக்கு நம்ம மாவட்டத்துல ஒரு நீண்ட வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ டாக்டருக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேக்கலாம். இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்குன்னு ஐசிஎம்ஆர் ஆய்வு 2023ல் சொன்னது. ஓபிக்கு வர்றவங்ககிட்ட தினமும் நாங்க சொல்றது, "அரை மணி நேரம் வேகமா நடங்க". மாத்திரை எழுதினா பார்மசியில வாங்கிக்கலாம். நடைக்கு எங்க போறது? "ரோட்டுல டிப்பர் லாரி ஓடுது சார், எங்க நடக்கறது?"ன்னு திருப்பிக் கேக்கறாங்க. நியாயமான கேள்வி.

3/ 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவங்க 1,68,491 பேர்னு மத்திய அரசு கணக்கு. அதில் 32,825 பேர் நடந்து போனவங்க. உடம்புக்கு நல்லதுன்னு நாங்க சொல்ற அதே காரியத்தைச் செய்யும்போது ஒருத்தர் உயிர் போகுதுன்னா, கோளாறு நடக்கிறவர்கிட்ட இல்ல, பாதையில் இருக்கு.

4/ ஒரு காலத்துல பாதைன்னாலே நடக்கிறவங்களுக்குத்தான். பெரிய சாலைகளுக்குப் 'பெருவழி'ன்னு பேரு. தர்மபுரி பக்கம் கிடைச்ச 13ஆம் நூற்றாண்டு அதியமான் பெருவழிக் கல்லுல, நாவல்தாவளம்ங்கிற ஊருக்கு 29 காதம்னு வெட்டியிருக்கு. கீழே 2 பெரிய குழி, 9 சின்னக் குழி. எழுதப் படிக்கத் தெரியாத வழிப்போக்கனும் எண்ணித் தெரிஞ்சுக்கலாம். நடந்து போறவனை மனசுல வெச்சு செஞ்ச மைல்கல்.

5/ பழைய ரோட்டோரங்கள்ல சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீங்க. ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பாங்க. தலைச்சுமையோட நடந்து வர்றவங்க, யாரோட உதவியும் இல்லாம சுமையை இறக்கி வெச்சு மறுபடி தூக்கிக்கலாம். கர்ப்பத்தோட இறந்துபோன பெண்கள் ஞாபகமா இதை நட்ட வழக்கம் உண்டு. பிரசவ வார்டுல வேலை பார்த்த யாரும் அந்தக் கல்லைச் சும்மா தாண்டிப் போக முடியாது.

6/ அடுத்து, செங்கல்பட்டுக் கரையோரத்துக்கே உரிய ஒரு பாதை. பக்கிங்காம் கால்வாய். 1806ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவுல தோண்ட ஆரம்பிச்சது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துல, பட்டினியில கிடந்த மக்களுக்கு நிவாரண வேலை கொடுத்து கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கி.மீ. தோண்டினாங்க. அப்போ இருந்த கவர்னர் பேரையே வெச்சாங்க. வடக்கே ஆந்திராவில் தொடங்கி தெற்கே மரக்காணம் பக்கம் வரை சுமார் 420 கி.மீ.

7/ முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் எல்லாம் இந்தக் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற ஊர்கள். படகுல உப்பு, விறகு, நெல்லு, ஆளுங்க எல்லாம் போச்சு. காத்து இல்லாதப்போ ஆளுங்க கரையில நடந்து, கயித்தைத் தோள்ல போட்டுப் படகை இழுப்பாங்க. அதனால கால்வாய் போற வழியெல்லாம் கரையிலும் நடந்து நடந்து பாதை விழுந்தது.

8/ பாரதிதாசன் 1934ல் நண்பர்களோட இந்தக் கால்வாய் வழியா படகுல மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' அந்தப் பயணத்தைப் பத்தின கவிதை. கரையில படகை இழுத்த தொழிலாளிங்க பட்ட பாட்டையும் அதுல எழுதியிருக்கார். நாம ஒரு மணி நேரத்துல பறந்து போற ஊருக்கு, இன்னொரு மனுஷன் நடந்து இழுத்துக் கொண்டுபோய் விட்ட காலம் அது.

9/ சரி, பாதை இருந்தது. அதுல எல்லாரும் நடக்க முடிஞ்சதா? இல்ல. ஊர்ப் பொதுப் பணத்துல போட்ட தெருவிலேயே பல சாதியினர் கால் வைக்கக் கூடாதுன்னு இருந்தது. சுத்திப் போகணும். கிணறும் குளமும் அப்படித்தான். மழையில, இருட்டுல, நோயாளியைத் தூக்கிக்கிட்டு சுத்திப் போறதை யோசிச்சுப் பாருங்க.

10/ 1924 மார்ச் 30ல் கேரளத்து வைக்கத்துல போராட்டம் தொடங்குச்சு. கேட்டது கோயில் நுழைவுகூட இல்ல. கோயிலைச் சுத்தியிருந்த பொதுத் தெருவில் நடக்கிற உரிமை. பெரியார் போய்ச் சிறையில இருந்தார். 1925 நவம்பர்ல போராட்டம் முடிஞ்சப்போ மூணு பக்கத் தெரு எல்லாருக்கும் திறந்தது. இந்தக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும்.

11/ அதே 1924ல் சென்னையில நடந்தது நிறைய பேருக்குத் தெரியாது. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்துல பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893ல் 'பறையன்'ங்கிற பேர்லயே பத்திரிகை நடத்தினவர். பின்னாடி அம்பேத்கரோட சேர்ந்து லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். 1923ல் சென்னை சட்டசபையில நியமன உறுப்பினரானார்.

12/ அடுத்த வருஷமே அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சாரம் இதுதான்: எந்தச் சாதி, எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் ஊரிலோ நகரத்திலோ உள்ள எந்தப் பொதுச் சாலையிலும், தெருவிலும், பாதையிலும் நடக்கலாம்; பொது அலுவலகத்துக்கும் பொதுக் கிணறு குளத்துக்கும் போகலாம். தீர்மானம் நிறைவேறி, பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி ஆட்சியில் 1924 செப்டம்பரில் அரசாணையாவும் வந்தது.

13/ சாலை, தெருவோட நிக்காம பாதையையும் சேர்த்திருக்காங்க பாருங்க. தார் ரோடு மட்டும் இல்ல. வரப்போரத்து ஒத்தையடி, வண்டித்தடம், குளக்கரை வழி எல்லாம் அதுல அடங்கும். நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம மாவட்டத்துக்காரர் ஒருத்தர் கேட்டு வாங்கின உரிமை. தானா யாரும் கொடுக்கல.

14/ கடல் தாண்டி ஒரு ஒப்பீடு. இங்கிலாந்துல மேய்ச்சல் மேடுகளைப் பெரிய பண்ணையார்கள் வேட்டைக்காக அடைச்சு வெச்சிருந்தாங்க. 1932 ஏப்ரல் 24ல் மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளிங்க உட்பட நூத்துக்கணக்கானவங்க கிண்டர் ஸ்கவுட்ங்கிற மலை மேல அத்துமீறி ஏறினாங்க. அஞ்சு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. 1949ல் சட்டம் வந்துச்சு: ஒவ்வொரு மாவட்டமும் தன் பொதுப் பாதைகளை வரைபடமா வெளியிடணும். நடைக்குத் தனிப் பாதை, குதிரைக்குத் தனிப் பாதை. குதிரைப் பாதையில சைக்கிளும் போகலாம்னு 1968ல் சேர்த்தாங்க.

15/ நடை, சைக்கிள், குதிரை மூணும் நம்ம சட்டத்துலயும் இருக்கு. எதுலன்னு தெரியுமா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல. 2015 திருத்தம் சொல்லுது: பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொது இடத்துல செருப்பு போடவிடாம, சைக்கிள் பைக் ஓட்டவிடாம, கல்யாண ஊர்வலத்துல குதிரை ஏறவிடாம தடுத்தா குற்றம்.

16/ அங்க காத்து வாங்க நடக்கிற உரிமைக்குச் சட்டம் போட்டாங்க. இங்க செருப்போட நடக்கிற உரிமைக்கே 2015லயும் தனியா எழுத வேண்டியிருந்தது. நம்ம ஊர்ல பொதுப் பாதைங்கிறது பொழுதுபோக்கு விஷயம் இல்லன்னு நான் சொல்றது இதனாலதான். அது மரியாதை சம்பந்தப்பட்டது.

17/ நிலம் யாருது? 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை எல்லாம் அரசு சொத்து. உயர் அலைக் கோட்டுக்குக் கீழே இருக்கிற கடல் படுகையும் அப்படியே. கிராமக் கணக்குல இதையெல்லாம் புறம்போக்குன்னு எழுதுவாங்க. நாம அந்த வார்த்தையைத் திட்டறதுக்குப் பயன்படுத்தறோம். உண்மையில அது ஊருக்கே பொதுவான நிலம்.

18/ கடற்கரைக்கும் விதி இருக்கு. 1991 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில, ரெண்டு ரிசார்ட்டுக்கு நடுவுல மக்கள் கடலுக்குப் போக குறைஞ்சது 20 மீட்டர் இடைவெளி விடணும்னு எழுதியிருக்கு. 2011ல் புதுசா அறிவிக்கை வந்தப்பவும் இதை எடுக்கல. 20 மீட்டர்னா ரெண்டு பஸ் எதிரெதிரா தாராளமா போற அகலம். நீங்க பார்த்த சந்துகளோட ஒப்பிட்டுக்கோங்க.

19/ அப்போ பாதை எங்க போச்சு? 1965, 66 புயல்கள்ல கால்வாய் சிதைஞ்சது. படகுப் போக்குவரத்து படுத்துருச்சு. மீனவக் கிராமங்களை இணைச்ச சின்னச் சின்ன ரோடுகளைச் சேர்த்து 1998ல் ஈசிஆர் முழுசாச்சு. 2002லிருந்து சுங்கம். காருக்கு வேகம் கிடைச்சது. ஆனா அந்த ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வாழ்றவங்க கடலுக்கும் வயலுக்கும் ஸ்கூலுக்கும் அதைக் குறுக்கே கடந்துதானே போகணும்?

20/ ரோடு வேணாம்னு சொல்ல வரல. 108 ஆம்புலன்ஸ் சீக்கிரம் வர்றதும் அதே ரோட்டாலதான். ரோடு போடும்போது நடக்கிறவனையும் சைக்கிள்காரனையும் கணக்குல எடுக்காம விட்டதுதான் தப்பு. மீன் கூடையோட போற அம்மாவும், ஷிப்ட் முடிஞ்சு சைக்கிள்ல வர்ற தொழிலாளியும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கிற ஒரு அடி மண்ணுலதான் போறாங்க.

21/ 2025 மே 14ல் உச்சநீதிமன்றம் சொன்னது: நடந்து போறவங்களுக்கு நல்ல நடைபாதை கிடைக்கிறது அரசமைப்புச் சட்டம் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தற மாதிரி இருக்கணும், ஆக்கிரமிப்பை எடுக்கணும். 1924ல் சட்டசபையில ஒலிச்ச குரலோட தொடர்ச்சியாத்தான் இதை நான் பார்க்கறேன்.

22/ நாம என்ன செய்யலாம்?
தமிழக அரசின் நில சேவை இணையதளத்துல உங்க ஊர் சர்வே எண்ணைப் போட்டா அ-பதிவேடும் புலப்படமும் பார்க்கலாம். 'வண்டிப்பாதை', 'பாதை'ன்னு வகைப்பாடு இருந்தா அது பொது வழி. நேர்ல போய்ப் பாருங்க. வேலி இருந்தா தேதியோட போட்டோ எடுங்க. வேலி போட்டவரோட சண்டைக்குப் போகாதீங்க.

23/ ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளும் கிராம சபை. "எங்க ஊர்ப் பொதுப் பாதைகளை அளந்து கல் நடணும்"னு தீர்மானம் போடச் சொல்லுங்க. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மனு கொடுத்து ரசீது வாங்குங்க. ஒருத்தர் போறதை விட பத்து பேர் சேர்ந்து போங்க. அதுல நாலு பேராவது பெண்களா இருக்கட்டும். வழி அடைபட்டா அதிகம் சுத்தறது அவங்கதான்.

24/ எனக்கு ஒரு ஆசை. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கால்வாய்க் கரையில மரம் வெச்ச ஒரு மண் பாதை. நடக்க, சைக்கிள் ஓட்ட. வண்டிக்கு அனுமதி இல்ல. நடுநடுவுல தண்ணி, நிழல், நாலு சுமைதாங்கி. படகை இழுத்தவங்க கால் பட்ட கரைதான் அது. அப்படி ஒரு பாதை வந்தா அதுக்கு இரட்டைமலை சீனிவாசன் பேரை வைக்கணும்.

25/ அதுவரைக்கும், வாரத்துக்கு 150 நிமிஷம் நடங்க. ஃபுட்பாத் இல்லாத ரோடுன்னா வலது ஓரமா, எதிரே வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியற மாதிரி போங்க. விடியக்காலையிலோ இருட்டின பிறகோ போனா வெளிர் நிறச் சட்டை போடுங்க. உங்க ஊர்ல காணாமப் போன பாதை இருந்தா ஊர்ப் பேரோட கீழே எழுதுங்க.