கொடையும் உறையும்

பண்டிகைக் காலம் நெருங்கியதும் கடைகளில் பளபளக்கும் தாள்களும் நாடாக்களும் தொங்கத் தொடங்குகின்றன. பரிசு எதுவாயினும் அதனை மறைத்துக் கட்டிக் கொடுப்பதே அழகு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி வருகின்றது. நம் சொற்களோ வேறொன்று கூறுகின்றன. 'காணிக்கை' என்பது காண் என்னும் வேரிற் பிறந்தது. மலையாளத்திலும் காட்சிக்கும், பெரியோர்முன் வைக்கும் கொடைக்கும் 'காழ்ச்ச' என்ற ஒரே சொல்தான். ஓணத்திற்கு முன்னாள் குருவாயூர்க் கோயிலில் சமர்ப்பிக்கும் வாழைத்தாற்றைக் காழ்ச்சக்குலை என்பர். கொடுப்பது கண்ணாற் காணத்தக்கது என்பதே இச்சொற்களின் உட்கிடை. ஆயின் உறை எதற்காக வந்தது? இதனை ஆராயக் கொச்சியின் பழைய வணிகப் பகுதியாகிய மட்டாஞ்சேரியினும் ஏற்ற ஊர் அரிது.

கொடைகளின் ஊர் அது. அங்குள்ள அரண்மனையே ஒரு பரிசு. போர்த்துக்கீசியர் அதனைக் கட்டி 1555ஆம் ஆண்டில் கொச்சி மன்னர் வீரகேரள வர்மருக்கு அளித்தனர். 1663இல் டச்சுக்காரர் அதனைப் பழுது பார்த்தனர். அவ்வளவில் ஊரார் வாயில் அது 'டச்சு அரண்மனை' ஆகிவிட்டது! கொடுத்தவன் பெயர் மறைந்து, செப்பனிட்டவன் பெயர் நிலைத்தது.

அரண்மனைக்கு அருகே 1568இல் எழுந்த பரதேசி யூதர் ஆலயம் உள்ளது. யூத வணிகர் தலைவன் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் ஏறக்குறைய கி.பி. 1000இல் வழங்கிய செப்பேடுகளை அவ்வாலயத்தார் காத்து வந்தனர். எழுத்து வட்டெழுத்து, மொழியோ தமிழுக்கு மிக நெருங்கியது. அவற்றில் ரப்பானின் பெயரே 'இசுப்பு இரப்பான்' என்று நம் நாவுக்கு இசைய மாறி நிற்கிறது. மன்னன் அளித்த உரிமைகளுள் பகல் விளக்கும் குடையும் உண்டு, பாவாடையும் உண்டு. பாவாடை என்பது இங்கே உடையன்று, நடப்பதற்கு நிலத்தில் விரிக்கும் துணி. ஒருவனை மதிக்கும்போது அவன் காலுக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு துணி வேண்டியிருந்தது.

அவ்வாலயத்துள் துணியும் உறையும் வேறொரு பொருள் பெறுகின்றன. யூதர்தம் திருமறைச் சுருள்களை வெறுமனே வைப்பதில்லை. பொன்னும் வெள்ளியும் போர்த்த பேழைகளுள் வைத்துப் போற்றுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மன்னர் அளித்த பொன்முடி, அத்தகைய பேழைக்கு மேலணியாயிற்று. பரிசு ஒன்று உறைக்கே அணியாய் அமைந்த இவ்வழகு வேறெங்கும் எளிதிற் காண்பதற்கில்லை. 1948இல் இசுரேல் நாடு தோன்றியபின் இம்மக்களிற் பெரும்பாலோர் அங்குச் சென்றுவிட்டனர். எஞ்சி நின்ற மூதாட்டி சாரா கோஹன், யூதத் தெருவிலிருந்த தம் இல்லத்தில், ஓய்வுநாள் அப்பத்தின்மேல் போர்த்தும் பூந்தையல் துணிகளை விற்று வந்தார். 2019இல் தம் 96ஆம் அகவையில் மறைந்தார்.

இங்கெல்லாம் உறை இருப்பது ஒளிப்பதற்கன்று, போற்றுவதற்கே. நம் சீர்வரிசைத் தட்டும் இவ்வினத்ததே. பழமும் வெற்றிலையும் புடவையும் தாம்பாளத்தில் யாவரும் காணத் தெருவழியே வரும். புதுத்துணிக்கு நாம் தேடும் உறை, ஓரத்தில் தடவும் மஞ்சள் ஒன்றே. நாம் கோடி என்பதை மலையாளிகளும் கோடி என்றே வழங்குவர். ஓணக்கோடியைக் குடும்பத் தலைவர் கொடுக்கும்போது அதன் கசவுக்கரை வெளியே தெரிய மடித்திருப்பதே அதற்கு அழகு.

மடிப்பின் அருமை அறிந்தோர் நம்மவரிலும் அங்குண்டு. டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகக் கொணரப்பட்ட தமிழ்ச் சலவைத் தொழிலாளரின் வழியினர், மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியில் இன்றும் வாழ்கின்றனர். வேளி என்னுமிடத்தில் 1976இல் அவர்களுக்கென ஒரு சலவைக் கூடம் அமைக்கப்பெற்றது. கஞ்சியிட்டு உலர்த்திக் கரிப்பெட்டியால் தேய்த்த வேட்டியின் விளிம்போடு விளிம்பு பொருந்தும் நேர்த்திக்கு எந்த வண்ணத்தாள் நிகராகும்?

வண்ணத்தாளின் கதை மிக அண்மையது. சீனர், எழுதுவதற்கு முன்பே பொருள்களைச் சுற்றக் காகிதத்தைப் பயன்படுத்தினர் என்பது உண்மையே. ஆனால் இன்றைய பரிசுத்தாள் வணிகம் 1917இல், அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் பெருக்கமுற்றது. கிறிஸ்துமஸ் விற்பனையில் மெல்லிய தாள் தீர்ந்துபோகவே, ஹால் சகோதரர் உறையின் உட்புறம் ஒட்டும் பூவேலைத் தாளை எடுத்து விற்றனர். ஒட்டுநாடா வந்ததோ 1930இல். திறக்கும்வரை உள்ளிருப்பது தெரியலாகாது என்பது அவ்வழக்கின் சுவை. குழந்தைகளுக்கு அது பெருமகிழ்ச்சி தருவதை நாமும் மறுப்பதற்கில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்குத் தாம்பாளத்தை அஞ்சலில் அனுப்பும் வழி இல்லையே! ஆகவே பொதி கட்டக் கற்றோம். தீபாவளிப் புடவையை வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, தையலின்மீது அரக்கு முத்திரை பதித்து, ஊர்ப் பெயரை அத்துணியின்மேலேயே எழுதினோம். ஊருக்குச் சென்ற அத்துணியும் வீணானதில்லை. மை படிந்த பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சியதை வெளுத்து இட்டலித் தட்டில் விரித்த பாட்டிமார் பலர்.