தலைமையாசிரியர் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார்?

பள்ளித் தலைமை பற்றித் தமிழ்நாட்டில் இன்று நடக்கும் பேச்சு பெரும்பாலும் பயிற்சி, ஊக்கம், 'முன்மாதிரித் தலைமையாசிரியர்' என்ற வட்டத்துக்குள் சுற்றுகிறது. ஆளின் திறமையை அளக்கிறோம். அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கேட்பதில்லை. இருநூறு ஆண்டுகளில் அடியோடு மாறியிருப்பது இந்த இரண்டாவது விஷயம்தான்.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, பள்ளிகளின் கணக்கை அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பு 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் காட்டுகிறது. வாத்தியாரின் மாத வருமானம் பொதுவாக 6, 7 ரூபாய்க்கு மேல் இல்லை. அதில் பெரும்பகுதி பெற்றோர் கொடுத்தது. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையென்றால் கேட்பவர்கள் அதே தெருவில் இருந்தார்கள். இதை வைத்துத் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கிவிட முடியாது: அந்தக் கணக்கில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. கேள்வி கேட்கும் உரிமை பெற்ற 'ஊர்' என்பதும் சாதி எல்லைக்குள் அடங்கியதுதான்.

   

தலைமையின் திசையை ஊரிலிருந்து அரசை நோக்கித் திருப்பியது 1854ஆம் ஆண்டு வுட் அறிக்கை. பொதுக் கல்வித் துறை, உதவித்தொகை, ஆய்வாளர் ஆகிய மூன்றும் அதன் வழியே வந்தன. சென்னை மாகாணத்தில் 1860களில் வேரூன்றிய 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' இதன் கூர்மையான வடிவம். ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லிப் பார்ப்பார்கள். எந்தப் பாடத்தில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம். அன்று காய்ச்சலில் படுத்த பிள்ளையால் வாத்தியாருக்குக் காசு நஷ்டம். தேறக்கூடிய பிள்ளையைத் தேய்த்துத் தயார்செய்வதும், தேறாதவனைக் கழித்துக்கட்டுவதும் இப்படியொரு ஏற்பாட்டில் இயல்பாக நடக்கும். கர்சன் அரசின் 1904ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் இம்முறையைக் கைவிடச் சொன்னது. முறை போயிற்று, மேலே பார்த்துப் பள்ளி நடத்தும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது என்பது என் கருத்து.

இடையில் ஒருமுறை காற்று மாறி வீசியது. காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்த 1950களின் பிற்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊரார் முன் வைத்தார்கள். நிலம், கட்டடம், பெஞ்சு, கடிகாரம் எனக் கொடுப்பவர் முன்வந்தார்கள். தலைமையாசிரியர் வீடுவீடாகப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. கொடுத்தவரும் பள்ளி எப்படி நடக்கிறது என்று எட்டிப்பார்த்தார். ஆனால் கொடுக்க முடிந்தவருக்கே அந்தக் குரல். பிள்ளையை மட்டும் அனுப்பிய கூலிக்காரருக்கு அதில் இடமில்லை.

அந்தக் குறையைச் சட்டமாகத் தீர்க்க முயன்றது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதன் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கும் உரிய இடம். 2022இல் தமிழக அரசு இக்குழுக்களை 20 உறுப்பினர்களுடன் மாற்றியமைத்தது. பணமில்லாத தாயும் பள்ளியைக் கேள்வி கேட்கலாம் என்பது திண்ணைக் காலத்திலும் மாநாட்டுக் காலத்திலும் இல்லாத ஒன்று. தலைமைப் பயிற்சிகள் பற்றி இவ்வளவு பேசும் நாம் இதன் புதுமையைப் போதுமான அளவு கவனிக்கவில்லை.

ஆனால் தலைமையாசிரியரின் சம்பளம், மாறுதல், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் அந்தக் குழுவின் கையில் இல்லை. ஈராசிரியர் பள்ளியில் அவரே வகுப்பாசிரியர், சத்துணவைக் கவனிப்பவர், எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றுபவர். வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து விவரம் கேட்டு வாட்ஸ்அப் செய்தி வந்தால், பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனை எடுக்க வேண்டும். மாதக் கூட்டத்தில் பெற்றோர் கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்டால் அதைத் தீர்மானமாக எழுதலாம்; பழுதான மோட்டாருக்குப் பெரிய தொகை வேண்டுமென்றால் நிதி மேலிருந்துதான் வர வேண்டும். பெற்றோரின் தீர்மானங்களையும் இப்போது செயலியில் பதிவேற்றுகிறார்கள். பதிவேற்றம் நடந்ததா என்று அலுவலகம் கேட்கும். தண்ணீர் வந்ததா என்று கேட்க வேண்டியவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும் தாய்மார்கள்.