கிறிஸ்துமஸ் காலத்தில் கொடுப்பது: குடும்பங்களும் வேலையிடங்களும் பின்பற்றும் வழிகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் தமிழ்த் திருச்சபைகளின் அறிவிப்புப் பலகையில், கேரல் குழு எந்த இரவு எந்தத் தாமானுக்குப் போகும் என்ற பட்டியல் வந்துவிடும். அதன் பக்கத்தில் பெரும்பாலும் இன்னொரு தாளும் தொங்கும். அரிசி, சமையல் எண்ணெய், பால்மாவு, சீனி என்று வரிசையாக எழுதி, எதிரே பெயர் போட இடம் விட்டிருப்பார்கள். புத்தாடை, கேக், திறந்த இல்ல உபசரிப்பு ஆகியவற்றைப் போல இல்லாதவர்களுக்குக் கொடுப்பதும் இந்தப் பண்டிகையோடு சேர்ந்தே வந்திருக்கிறது.

தோட்டத்தில் இதற்குப் பட்டியல் தேவைப்பட்டதில்லை. லயத்தில் நான்கு கிறிஸ்துவக் குடும்பங்கள் இருந்தால், கிறிஸ்துமஸ் காலையில் முறுக்கும் அதிரசமும் கேக்கும் வைத்த தட்டு எல்லா வாசலுக்கும் போகும். தீபாவளிக்கு வந்த தட்டு டிசம்பரில் திரும்பிப் போகும், அவ்வளவுதான். யார் வீட்டில் வேலைக்குப் போகும் ஆள் படுத்திருக்கிறார், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால், அந்த வீட்டுத் தட்டில் மட்டும் கொஞ்சம் அதிகமாக இருக்கும். அதை யாரும் தர்மம் என்று சொல்ல மாட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, எட்டாவது மாடிக்காரருக்குப் பத்தாவது மாடியில் என்ன கஷ்டம் என்று தெரிவதில்லை. இன்றைக்குக் கொடுப்பதற்கு ஓர் ஏற்பாடு வேண்டியிருப்பது அதனால்தான்.

வீட்டிலிருந்து தொடங்குவது

குடும்பங்களில் அதிகம் காணப்படுவது உண்டியல் முறை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம் எனப்படும். அந்த வாரங்களில் ஒரு மைலோ டின்னில் வீட்டார் அனைவரும் சில்லறை போட்டு, கிறிஸ்துமஸ் வழிபாட்டின்போது காணிக்கையாகச் சேர்ப்பார்கள். பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அங்பாவில் ஒரு பகுதியும் அதில் விழும். தொகை சிறியதுதான். ஆனாலும் எந்த வீட்டுக்குப் போகிறது என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் டின் சீக்கிரம் நிறையும்.

உறவினர்கள் பலர் கூடும் குடும்பங்களில், ஆளுக்கு ஆள் பரிசு வாங்குவதை விட்டுவிட்டுச் சீட்டுக் குலுக்கும் வழக்கம் வந்திருக்கிறது. இருபது பேர் இருபது பேருக்கும் பரிசு வாங்காமல், ஒவ்வொருவரும் ஒருவருக்கு மட்டும் வாங்குகிறார்கள். மிச்சப்படும் பணம் பொதுவில் சேர்ந்து ஒரு குடும்பத்தின் மளிகைச் சாமானாகவோ வீட்டு வாடகையாகவோ மாறும். திறந்த இல்ல உபசரிப்புக்கு வருபவர்களிடம், “பரிசு வேண்டாம், ஆளுக்கு ஒரு பொட்டலம் அரிசி கொண்டு வாருங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிடும் வீடுகளும் உண்டு. விருந்து முடியும்போது வரவேற்பறையில் நூறு கிலோ அரிசி இருக்கும்.

கேரல் பாட வரும் குழுவிடம் வீட்டுக்காரர் உறை கொடுப்பது பழைய பழக்கம். அது இளைஞர் குழுவின் செலவுக்கா, ஏழைகள் நிதிக்கா என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை. பல சபைகள் இப்போது இதை முதல் பாட்டுக்கு முன்பே அறிவித்துவிடுகின்றன.

கத்தோலிக்கப் பங்குகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் புனித வின்சென்ட் தே பவுல் சபை செய்கிறது. 1833இல் பாரிஸ் நகரில் ஃபிரடெரிக் ஓசானாம் என்ற மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய இச்சபை, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பங்கு அளவில் இயங்குகிறது. உதவி கேட்பவரை ஆலயத்துக்கு வரச்சொல்லி வரிசையில் நிறுத்தாமல், உறுப்பினர்கள் இருவராக அவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது இதன் வழி. கிறிஸ்துவர் அல்லாத குடும்பங்களும் உதவி பெறுகின்றன. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாத ஒரு குடும்பம், தான் வாங்கிய சாமான்களை இச்சபையிடம் ஒப்படைத்துவிடலாம். கொடுத்தவர் யாரென்று வாங்கியவருக்குத் தெரியாமலே போகும். கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலக்கதையும் அப்படித்தான். மைரா நகர ஆயர் நிக்கோலாஸ், வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டில் இரவில் யாரும் பார்க்காமல் பொன் முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பது மரபு. சிவப்பு அங்கியும் மணியும் பிற்காலத்தில் சேர்ந்தவை.

பள்ளிச் செலவு

மலேசியாவில் கோவிட்டுக்குப் பின் மார்ச் வரை நகர்ந்திருந்த கல்வியாண்டு 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. இதனால் டிசம்பர்ச் செலவும் பள்ளிச் செலவும் மறுபடி ஒன்றாக வந்து நிற்கின்றன. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் சீருடை, கறுப்புக் காலணி, புத்தகப்பை, பயிற்சி நூல்கள், பேருந்துக் கட்டணம் எல்லாம் ஒரே மாதத்தில் வரும். கிறிஸ்துமஸுக்கு ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவை ஏற்றுக்கொள்வது, பொம்மை வாங்கிக் கொடுப்பதைவிட அந்தத் தாய்க்குப் பெரிய ஆறுதல். சீருடையை அளவு தெரியாமல் மொத்தமாக வாங்குவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. பிள்ளையையும் தாயையும் கடைக்கு அழைத்துப் போவது அல்லது கடைக்காரரிடம் பணம் கட்டி வைத்துவிட்டு அவர்களையே போய் வாங்கிக்கொள்ளச் சொல்வது நல்லது. இரண்டாவது வழியில் பிள்ளைக்குக் கூச்சமும் இல்லை.

காப்பகங்களில் டிசம்பர்

சிறுவர் காப்பகங்களும் முதியோர் இல்லங்களும் டிசம்பரில் திணறிப் போகின்றன. ஒரே சனிக்கிழமையில் காலை ஒரு நிறுவனம், மதியம் ஒரு கல்லூரி, மாலை ஒரு திருச்சபை என்று வந்து நிற்கும். பிள்ளைகள் மூன்று தடவை கேக் வெட்டி, மூன்று தடவை பாடி, மூன்று தடவை படம் எடுத்துக்கொள்ள நிற்பார்கள். மீ பொட்டலமும் பிஸ்கட்டும் கரடிப் பொம்மையும் குவியும். பிப்ரவரியில் அதே இல்லத்தின் மின்சாரக் கட்டணம் கட்டப்படாமல் கிடக்கும்.

ஆகவே போவதற்கு முன் தொலைபேசியில் கேட்பது முதல் மரியாதை. முதியோர் இல்லங்களில் அதிகம் தேவைப்படுவது பெரியவர்களுக்கான பெம்பர்ஸ், பால்மாவு, சலவைத்தூள், கையுறை, மருந்துச் செலவு. இவை எதுவும் பார்க்க அழகான பரிசு அல்ல. உணவு கொண்டு போவதாக இருந்தால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று அறிந்துகொள்வது அவசியம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், சைவ உணவு மட்டும் சமைக்கும் இல்லங்கள், ஹலால் முத்திரை தேவைப்படும் முஸ்லிம் முதியவர்கள் எல்லாம் இருக்கக்கூடும். கிறிஸ்துமஸ் கேக்கில் சில சமயம் ரம் இருக்கும். அதையும் யோசிக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் நிறைந்த இல்லத்துக்கு இனிப்புக் கூடை கொண்டு போவது யாருக்கும் உதவாது.

தேதியைத் தள்ளிப் போடுவதும் ஒரு வழி. டிசம்பரில் பணம் திரட்டி, “மார்ச் மாத அரிசி எங்கள் பொறுப்பு” என்று எழுதிக் கொடுத்துவிடும் குழுக்கள் சில இருக்கின்றன. நடத்துபவர்களுக்கு இது கேக்கைவிட இனிப்பான செய்தி. ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற கன்னியர் சபை கோலாலம்பூர் செராஸில் நடத்தும் முதியோர் இல்லம் இன, மத வேறுபாடு இல்லாமல் ஆட்களைச் சேர்ப்பது. 1839இல் பிரான்சில் ஜான் ஜுகான் அம்மையார் தொடங்கிய காலத்திலிருந்தே வாசல் வாசலாகக் கேட்டுப் பெற்றுத்தான் இச்சபை முதியவர்களைப் பராமரித்து வருகிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு வேண்டியது ஆண்டு முழுவதும் வருகிற சிறு தொகை.

பிள்ளைகளின் முகம் தெரியும்படி படம் எடுத்து முகநூலில் போடுவதை நிறுத்த வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது. பத்து வயதில் இலவசப் புத்தகப்பையை ஏந்தி நின்ற படம், பதினைந்து வயதில் பள்ளித் தோழர்களின் கைபேசியில் இருக்கும்.

வேலையிடத்தில்

அலுவலகங்களில் டிசம்பர் கடைசி வாரம் பரிசுப் பரிமாற்றம் நடக்கும். சீட்டில் வந்த பெயருக்கு இருபது, முப்பது ரிங்கிட்டுக்குள் ஏதாவது வாங்க வேண்டும். முக்கால்வாசி குவளைகளாகவே இருக்கும். இதற்குப் பதிலாக அதே தொகையை ஒன்றாகச் சேர்த்து ஓர் இல்லத்துக்குக் கொடுப்பதைப் பல பிரிவுகள் பழக்கமாக்கியிருக்கின்றன. இருபத்தைந்து பேர் இருபது ரிங்கிட் போட்டால் ஐந்நூறு ரிங்கிட் ஆகிறது. ஒரு குடும்பத்துக்குச் சில வார மளிகைக்குப் போதும்.

இன்னொன்று விருப்ப மரம். தேவையை எழுதிய அட்டைகளைக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவார்கள். “ஆறாம் எண் காலணி, சிறுவன்”, “முதியவருக்குப் போர்வை” என்று இருக்கும், பெயர் இருக்காது. விரும்பியவர் ஓர் அட்டையை எடுத்து, பொருளை வாங்கி மரத்தடியில் வைக்கிறார். யார் எதை எடுத்தார் என்று ஒருவர் குறித்து வைக்காவிட்டால் சில அட்டைகள் காணாமல் போகும், அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் வராது. கடைசி நாளில் மிஞ்சிய அட்டைகளுக்காக ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைப்பது அனுபவப்பட்டவர்கள் செய்வது.

பணம் வசூலிப்பதில்தான் மனக்கசப்பு வரும். மேலாளர் ஐம்பது போட்டார் என்று வாட்ஸ்அப் குழுவில் பெயரும் தொகையும் வந்தால், துப்புரவுப் பணியாளரும் காவலாளியும் என்ன செய்வார்கள்? கடன் வாங்கிப் போடுவார்கள், அல்லது குழுவைவிட்டுப் போவார்கள். மூடிய உறையில் வாங்குவதும், மொத்தத் தொகையை மட்டும் அறிவிப்பதும் இதற்கு எளிய மருந்து. பணம் ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போனால் இன்னொருவர் வரவைச் சரிபார்க்க வேண்டும். ரசீதின் படம் குழுவில் வந்துவிட்டால் அடுத்த ஆண்டு கேட்பதற்கு வாய் கூசாது.

தோட்டத்தில் கோயில் திருவிழாவுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்று அப்படி நினைத்தபடி பிடிக்க முடியாது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, தொழிலாளி எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளாமல் நன்கொடைக்கென்று சம்பளத்தில் கை வைக்க முதலாளிக்கு உரிமை இல்லை. நல்ல காரியம் என்பதற்காக அந்த விதி தளராது.

உதவி தேவைப்படுபவர் சில வேளை அதே அலுவலகத்தில் இருப்பார். குத்தகை நிறுவனத்தின் காவலாளிக்கும், ஊருக்குப் போக முடியாமல் விடுமுறையிலும் வேலை பார்க்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பெரும்பாலும் போனஸ் கிடையாது. அவர்களுக்கு விருந்தின் மிச்சத்தைக் கட்டிக் கொடுப்பதைவிட, விருந்துக்கே அழைப்பதும் ஓர் உறையோ கைபேசிக்கான டாப்-அப்போ கொடுப்பதும் பொருத்தம்.

வெள்ளம் வந்த கிறிஸ்துமஸ்

2021 டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கிய மழை ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்தபோது கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரமே இருந்தது. பெட்டாலிங் ஜெயா சீக்கிய குருத்துவாராவில் ஆயிரக்கணக்கான உணவுப் பொட்டலங்கள் தயாராயின. எல்லா மதத்தினரும் சேற்றை வழிக்கக் கைகொடுத்தார்கள். தண்ணீர் வடிந்த பின் பழைய துணி மலையாகக் குவிந்தது. மக்கள் தேடியதோ விளக்குமாறு, மெத்தை, அடுப்பு, உள்ளாடை. டிசம்பர் பருவமழை மாதம் என்பதால் இந்த அனுபவம் மறக்கத்தக்கது அல்ல.

சிங்கப்பூரில்

ஆர்ச்சர்ட் சாலையில் மணியடித்துக்கொண்டு சிவப்புப் பானையோடு நிற்பவர்கள் இரட்சணிய சேனையினர். 1891இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏழைகளின் கிறிஸ்துமஸ் விருந்துக்காக ஜோசப் மெக்ஃபீ என்ற சேனை அதிகாரி வைத்த பானையிலிருந்து வந்த வழக்கம் இது. சிங்கப்பூரில் சேனை 1935 முதல் இயங்குகிறது. பாய்ஸ் பிரிகேட் அமைப்பு 1988 முதல் நடத்தும் ‘ஷேர் எ கிஃப்ட்’ திட்டத்தில், சமூக சேவை அமைப்புகள் வழியாக வரும் விருப்பங்களைப் பொதுமக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். உணவுக் கூடைகளைத் தொண்டர்கள் வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுப்பதால், நடக்க முடியாத முதியவருக்கும் போய்ச் சேர்கிறது. 1983இல் அமைந்த கம்யூனிட்டி செஸ்ட்டின் ‘ஷேர்’ திட்டம் மாதச் சம்பளத்திலிருந்து கொடுப்பதற்கானது. இந்தியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து சிண்டாவுக்கு ஏற்கெனவே 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை போகிறது என்பதைப் பலர் சம்பளச் சீட்டில் பார்த்தும் கவனிப்பதில்லை.

சரிபார்ப்பதும் ரசீதும்

பண்டிகைக் காலத்தில் போலி வசூலும் வரும். மலேசியாவில் வீடு வீடாகவும் தெருவிலும் பொதுமக்களிடம் வசூலிக்க, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காவல்துறையின் உரிமம் வேண்டும். காப்பகங்கள் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையங்கள் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்டால் நல்ல இல்லம் கோபப்படாது. சிங்கப்பூரில் அறக்கொடை ஆணையர் சொல்வது மூன்று சொல்: கேள், சரிபார், கொடு. அமைப்பின் பெயரை அறக்கொடை இணையத்தளத்தில் தேடிப் பார்த்துவிடலாம்.

மலேசியாவில் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் பணத்துக்கு, தனிநபரின் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக்கழிவு உண்டு. அரிசி மூட்டைக்கு இது கிடையாது. அதிகாரபூர்வ ரசீதை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் பொதுநல அமைப்பாக அங்கீகரிக்கப்பட்ட இடங்களுக்குக் கொடுக்கும் தகுதிபெற்ற நன்கொடைக்கு 2016 முதல் 250 விழுக்காடு கழிவு. கொடுக்கும்போது அடையாள அட்டை எண்ணைச் சொல்லிவிட்டால் கணக்கு தானாகச் சேரும். இரு நாடுகளிலும் தனிநபர் வரிக் கணக்கு டிசம்பர் 31இல் முடிகிறது. அந்த ஆண்டில் சேர வேண்டிய நன்கொடை அதற்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.