கட்டளைவரிக் கருவித் தொகுப்பில் உள்ளமைவுத் தெரிவுகளின் ஒழுங்கமைவு: பிஸிபாக்ஸ் திட்டத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பிஸிபாக்ஸ் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படைக் கட்டளைகள் பலவற்றை ஒரே இயங்குநிரலுக்குள் அடக்கித் தரும் கட்டற்ற மென்பொருள் ஆகும். அதில் எந்தக் கட்டளை இடம்பெற வேண்டும், எந்தக் கட்டளையின் எந்தக் கூறு விடுபட வேண்டும் என்பதைத் தொகுப்பவரே முடிவு செய்கிறார். அம்முடிவுகளைத் தாங்கும் தெரிவுப் பட்டியல் தலைப்புக் கோப்பாகத் தொடங்கி, பட்டிமுறையாக வளர்ந்து, இறுதியில் மூலநிரலின் உள்ளேயே குடியேறியது. இந்த மாற்றங்களின் காரணங்களையும் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பிஸிபாக்ஸ், உள்ளமைவுத் தெரிவு, கேகான்ஃபிக், உட்பொதி அமைப்பு, தொகுப்பி, மென்பொருள் வரலாறு

முன்னுரை

மென்பொருள் வரலாறு பெரும்பாலும் புதிய வசதிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எவற்றைச் சேர்க்காமல் விடலாம் என்ற வினாவின் வரலாறு அரிதாகவே கவனம் பெறுகிறது. வீட்டுத் திசைவி, தொலைக்காட்சிப் பெட்டி, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவி போன்ற உட்பொதி அமைப்புகளில் நினைவக அளவு குறைவு. ஆகவே அங்கு விலக்குதலும் சேர்த்தலுக்கு நிகரான வடிவமைப்புப் பணியாகிறது. விலக்கும் உரிமையைப் பயனருக்கு வழங்கும் திட்டம், அவ்வுரிமையைப் பயன்படுத்துவதற்குரிய ஒழுங்கையும் வழங்கியாக வேண்டும். நூற்றுக்கணக்கான தெரிவுகளை எங்கே எழுதுவது, எவ்வாறு வகைப்படுத்துவது, அவற்றின் உறவுகளை எவ்வாறு குறிப்பது, அத்தனையும் சரியாக இயங்குகின்றனவா என்று எவ்வாறு சோதிப்பது ஆகிய வினாக்களுக்குப் பிஸிபாக்ஸ் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைக் கண்டது.

நெகிழ்வட்டும் ஒற்றை நிரலும்

1995ஆம் ஆண்டில் புரூஸ் பெரென்ஸ் டெபியன் வழங்கலுக்காகப் பிஸிபாக்ஸை எழுதத் தொடங்கினார். நிறுவுதலுக்கும் மீட்புக்கும் வேண்டிய முழு அமைப்பையும் ஒரே நெகிழ்வட்டில் அடக்குவதே நோக்கம். நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட். ஒவ்வொரு கட்டளையும் தனி இயங்குநிரலாக இருப்பின், தொடக்கப் பகுதி, நூலக இணைப்பு, கோப்பின் தலைப்பகுதி ஆகியன ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப இடம்பெறும். பெரென்ஸ் அனைத்தையும் ஒரே நிரலாக்கினார். அந்நிரல் தான் எந்தப் பெயரால் அழைக்கப்பட்டது என்று பார்த்து, அப்பெயருக்குரிய குறுநிரலை இயக்குகிறது. ‘எல்எஸ்’, ‘கேட்’, ‘மவுண்ட்’ என்ற பெயர்கள் யாவும் ஒரே கோப்பைச் சுட்டும் இணைப்புகளே.

இந்த அமைப்பில்தான் உள்ளமைவுச் சிக்கலின் வேர் உள்ளது. கட்டளைகள் தனித்தனி நிரல்களாக இருக்கும் இடத்தில், வேண்டாத ஒன்றை நீக்குவதற்கு அக்கோப்பை அழித்தால் போதும். அனைத்தும் ஒன்றாகப் பிணைந்த நிரலிலோ, தொகுத்து முடித்தபின் எதையும் பிரித்தெடுக்க இயலாது. தேர்வு தொகுப்புக்கு முன்னரே நிகழ வேண்டும். இடத்தைச் சேமித்த அதே உத்தி, தேர்வின் சுமையைத் தொகுப்புக் கட்டத்துக்கு மாற்றியது.

தலைப்புக் கோப்புக் காலம்

பெரென்ஸுக்குப் பின் 1998 முதல் என்ரிக் சனார்டி இத்திட்டத்தைப் பராமரித்தார். அடுத்து லினக்ஸ் ரவுட்டர் திட்டத்துக்காக டேவ் சினேஜ் இதனை ஏற்றுக் கூறுநிலைத் தொகுப்பு முறையை உருவாக்கினார். 1999 டிசம்பரில் எரிக் ஆண்டர்சன் பொறுப்பேற்றார். இக்காலத்தில் தெரிவுகள் ஒரே தலைப்புக் கோப்பில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு குறுநிரலுக்கும் ‘பிபி’ என்ற முன்னொட்டுடன் ஒரு வரையறை வரி இருந்தது. குறுநிரலின் உட்கூறுகளுக்கு ‘பிபி_ஃபீச்சர்’ என்ற முன்னொட்டு வழங்கியது. வேண்டாதவற்றின் முன் இரட்டைச் சாய்கோடு இட்டு அவ்வரியைக் குறிப்புரையாக மாற்றினால் அத்தெரிவு அணைந்துவிடும். சிறிய ஷெல் நிரல் ஒன்று அக்கோப்பைப் படித்து, எந்த மூலக் கோப்புகளைத் தொகுக்க வேண்டும் என்று கண்டறிந்தது.

இம்முறையின் எளிமை போற்றத்தக்கது. உரைத் தொகுப்பி ஒன்றே போதும்; தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. முழுத் திட்டத்தின் தெரிவுகளையும் ஒருவர் மேலிருந்து கீழாகப் படித்துவிடலாம். ஆயினும் அக்கோப்பால் சொல்ல முடியாத செய்திகள் மூன்று. ஒரு தெரிவு மற்றொன்றைச் சார்ந்திருப்பதை அது குறிப்புரையில் எழுதலாமே தவிர உறுதிசெய்ய இயலாது. தெரிவின் பொருளை விளக்க அங்கு முறையான இடம் இல்லை. மேலும், புதிய பதிப்பு வெளிவரும்போது பழைய தேர்வுகளைப் பயனர் கையாலேயே புதிய கோப்புக்கு மாற்ற வேண்டும். தெரிவுகள் சில பத்துகளாக இருந்தவரை இக்குறைகள் பொறுக்கத்தக்கவையாக இருந்தன.

கேகான்ஃபிக் வருகை

இதே சிக்கல் லினக்ஸ் கருநிரலில் பெரிய அளவில் நிலவியது. பழைய உள்ளமைவு மொழிக்கு மாற்றாக எரிக் ரேமண்ட் பைத்தான் மொழியில் உருவாக்கிய சிஎம்எல்2 நீண்ட விவாதத்துக்குப் பின் ஏற்கப்படவில்லை. 2002 அக்டோபர் இறுதியில் வெளிவந்த 2.5.45 பதிப்பில் ரோமன் சிப்பெல் எழுதிய கேகான்ஃபிக் இடம்பெற்றது. அதனைத் தொடர்ந்து பிஸிபாக்ஸும் அம்மொழியைத் தழுவியது. 2004 அக்டோபரில் வெளியான 1.00 பதிப்பு இப்புதிய முறையிலேயே அமைந்தது.

கருநிரலில் ஒரு கூறு நிரலினுள்ளே பிணைக்கப்படலாம், தனிக் கூறாக நிற்கலாம், விலக்கப்படலாம் என மூன்று நிலைகள் உண்டு. பிஸிபாக்ஸுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டே போதுமானவை. எனினும் அது பெற்ற நன்மைகள் பல. ஒவ்வொரு தெரிவும் பெயர், ஒருவரித் தலைப்பு, இயல்பு மதிப்பு, சார்பு, விளக்கம் ஆகியவற்றைக் கொண்ட பதிவாக மாறியது. ‘எல்எஸ்’ விலக்கப்பட்டால் அதன் வண்ண வெளியீட்டுத் தெரிவு பட்டியிலிருந்தே மறைந்துவிடும். ஆஷ், ஹஷ் என்ற இரு ஷெல்களுள் எது ‘எஸ்எச்’ என்ற பெயரை ஏற்கும் என்பது போன்ற, ஒன்றையே தேர வேண்டிய இடங்களைத் தெரிவுக் குழுவாக எழுத முடிந்தது. பழைய தேர்வுகளை வைத்துக்கொண்டு, புதிதாக வந்தவற்றை மட்டும் வினவும் வழியும் கிட்டியது.

சார்பைக் குறிக்கும் இரு சொற்களுக்கிடையே உள்ள வேறுபாடு இங்குக் கருதத்தக்கது. ‘சார்ந்தது’ என்று எழுதினால், அடிப்படைத் தெரிவு அணைந்திருக்கும்போது சார்ந்த தெரிவு பயனரின் கண்ணுக்கே படாது. ‘தேர்ந்தெடு’ என்று எழுதினால், மேல்தெரிவை இயக்கியதும் கீழ்த்தெரிவு தானே இயங்கிவிடும். வலைத்தளக் கோப்புகளைப் பெறும் ‘டபிள்யூகெட்’ குறுநிரலில் பாதுகாப்பு நெறிமுறையைத் தேர்ந்தால், மறையாக்கப் பகுதி தானாகச் சேர்வது இரண்டாம் முறைக்குச் சான்று. பயனருக்கு இது வசதி. ஆனால் ‘தேர்ந்தெடு’ என்ற ஆணை, தான் இயக்கும் தெரிவின் சார்புகள் நிறைவேறினவா என்று பார்ப்பதில்லை. கண்மூடிப் பயன்படுத்தினால் பொருந்தாத சேர்க்கை உருவாகும்.

வகைப்பாடு யாருக்காக?

பட்டிமுறை வந்தவுடன் வகைப்பாடு தவிர்க்க முடியாததாயிற்று. பிஸிபாக்ஸின் பட்டிகள் பெரும்பாலும் மூலநிரல் கோப்புறைகளைப் பின்பற்றின. அக்கோப்புறைகள் பலவும் முழு அளவு லினக்ஸ் வழங்கல்களில் அக்கட்டளைகள் வரும் தொகுப்புகளின் பெயர்களையே தாங்கின: கோர்யூட்டில்ஸ், யூட்டில்-லினக்ஸ், டெபியன்யூட்டில்ஸ், ப்ராக்பிஎஸ். ‘மவுண்ட்’ யூட்டில்-லினக்ஸில் இருப்பதும், ‘விச்’, ‘ரன்-பார்ட்ஸ்’ ஆகியன டெபியன்யூட்டில்ஸில் இருப்பதும் அவற்றின் பிறப்பிடத்தைச் சொல்கின்றன, பயனைச் சொல்வதில்லை.

இன்னொரு பகுதி பயன்வழி வகைப்பாடு. தொகுசுருக்கக் கருவிகள், உரைத் தொகுப்பிகள், வலையமைப்புக் கருவிகள், ஷெல்கள் என்ற பிரிவுகள் அத்தகையன. ‘கிரெப்’ தேடல் கருவிகளிலும், ‘ஆக்’, ‘செட்’, ‘பேட்ச்’ ஆகியன ‘விஐ’ உடன் தொகுப்பிகள் பிரிவிலும் அமைந்தன. ஆக, ஒரே பட்டியில் மரபுவழி வகைப்பாடும் பயன்வழி வகைப்பாடும் கலந்து நிற்கின்றன. யூனிக்ஸ் மரபில் பழகிய பராமரிப்பாளருக்கு இது இயல்பாகத் தோன்றும். திசைவி ஒன்றுக்கு அமைப்பு உருவாக்க வந்த புதிய பொறியாளரோ, தேவையான கட்டளை எந்தப் பட்டியில் இருக்கிறது என்று பெயரைத் தட்டச்சிட்டுத் தேடியே கண்டறிய நேர்கிறது. பட்டியின் வகைப்பாடு எழுதியவர்களின் நினைவைக் காட்டுகிறது என்பதற்கு இக்கலப்பே சான்று.

முன்செயலியிலிருந்து தொகுப்பிக்கு

தெரிவுகள் பெருகப் பெருக, மூலநிரலின் உள்ளும் அவற்றின் சுவடுகள் பெருகின. தொடக்கத்தில் ஒவ்வொரு தெரிவுக்குரிய பகுதியும் முன்செயலிக் கட்டளைகளால் சூழப்பட்டிருந்தது. தெரிவு அணைந்திருந்தால் அப்பகுதியைத் தொகுப்பி காண்பதே இல்லை. காணாத பகுதியில் நேரும் பிழையை அது சுட்டவும் இயலாது. ஒருவர் ஒரு மாறியின் பெயரை மாற்றினால், அணைந்த தெரிவுக்குள் இருக்கும் பழைய பெயர் யாரும் அறியாமல் கிடக்கும். பின்னொரு நாள் வேறொருவர் அத்தெரிவை இயக்கும்போதுதான் தொகுப்பு முறியும்.

இதற்கு மாற்றாக, தெரிவு இயங்கினால் 1, அணைந்தால் 0 என்று எப்போதும் மதிப்புடைய ‘எனேபிள்’ முன்னொட்டுக் குறியீடுகள் புகுத்தப்பட்டன. அவற்றைச் சாதாரண நிபந்தனைக் கூற்றில் எழுதலாம். தொகுப்பி அப்பகுதியை முழுமையாகப் படித்து இலக்கணத்தையும் தரவினங்களையும் சரிபார்க்கிறது. நிபந்தனை 0 எனத் தெரிந்ததும் அதனை இறுதி நிரலிலிருந்து நீக்கிவிடுகிறது. அளவும் கூடவில்லை, கண்காணிப்பும் தளரவில்லை. நிபந்தனைக் கூற்று பொருந்தாத இடங்களுக்கு ‘இஃப்’ முன்னொட்டுக் குறியீடுகள் பயன்பட்டன. சிறியதாகத் தோன்றினும், அணைந்த தெரிவும் திட்டத்தின் உறுப்பே என்ற நிலைப்பாட்டை இம்மாற்றம் நிறுவியது.

நிரலுக்குள் குடியேறிய தெரிவு

2006ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் டெனிஸ் விளாசென்கோ திட்டத்தைப் பராமரித்து வருகிறார். அவர் காலத்தில் மற்றுமொரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை புதிய குறுநிரல் ஒன்றைச் சேர்ப்பவர் பல இடங்களில் எழுத வேண்டியிருந்தது: மூலநிரல் ஓரிடம், தெரிவுப் பதிவு ஓரிடம், தொகுப்பு விதி ஓரிடம், குறுநிரல் அட்டவணை ஓரிடம், பயன்பாட்டுக் குறிப்பு மற்றோரிடம். ஒன்றை மறந்தாலும் குறுநிரல் முழுமையடையாது. ஒன்றை நீக்கும்போதும் ஐந்து இடங்களையும் நினைவில் கொள்ள வேண்டும்.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இச்செய்திகள் படிப்படியாகக் குறுநிரலின் மூலக் கோப்புக்குள்ளேயே, தனித்தனி முன்னொட்டுடைய குறிப்புரை வரிகளாக இடம்பெயர்ந்தன. தொகுப்பின் தொடக்கத்தில் ஒரு ஷெல் நிரல் அனைத்துக் கோப்புகளையும் துருவி, அவ்வரிகளைத் திரட்டிப் பட்டிக் கோப்புகளை உருவாக்கித் தருகிறது. பயனர் காணும் பட்டி மாறவில்லை. அதன் உறைவிடம் மாறியது. தலைப்புக் கோப்புக் காலத்தில் படிப்பவருக்குக் கிடைத்த ஒருமுகப் பார்வை, இப்போது எழுதுபவருக்குக் கிடைத்தது. பின்னர், பட்டியிலேயே குறுநிரலின் தோராய அளவும் குறிக்கப்பட்டது. ‘எல்எஸ்’ தெரிவின் தலைப்பில் 14 கிலோபைட் என்று காணலாம். தேர்வின் விலை தேர்வின் அருகிலேயே எழுதப்பட்டதால், விலக்குதல் ஊகமாக இல்லாமல் கணக்காயிற்று.

சோதனையின் எல்லை

தெரிவுகளின் பெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. ஒன்றையொன்று சாராத 10 தெரிவுகள் 1,024 வெவ்வேறு நிரல்களைத் தரும். 20 தெரிவுகள் 10,48,576 நிரல்களைத் தரும். 300 தெரிவுகளின் சேர்க்கைகளை எழுதினால் 91 இலக்க எண் வரும். அத்தனையையும் எவராலும் சோதிக்க இயலாது. ஆகவே திட்டம் சில அடையாள நிலைகளை நம்புகிறது: அனைத்தும் அணைந்த நிலை, பயன்பாட்டுக்கு ஏற்ற பெரும்பாலானவை இயங்கும் இயல்பு நிலை, குறுநிரல்களைத் தனித்தனியே தொகுக்கும் நிலை, தற்போக்கில் தேரும் நிலை. தற்போக்குத் தேர்வு மனிதர் நினைத்துப் பார்க்காத சேர்க்கைகளை வெளிக்கொணர்கிறது.

இச்சிக்கலுக்கு வேறொரு விடையும் உண்டு. பிஸிபாக்ஸை முன்னர்ப் பராமரித்த ராப் லேண்ட்லி 2006இல் டாய்பாக்ஸ் என்ற தனித் திட்டத்தைத் தொடங்கினார். அங்கும் தெரிவுப் பதிவு கட்டளையின் மூலக் கோப்பிலேயே உள்ளது. ஆனால் ஒரு கட்டளைக்குள் உட்தெரிவுகள் மிகக் குறைவு. கட்டளை முழுமையாக இருக்கும், அல்லது இராது. 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0 டாய்பாக்ஸை ஏற்றது. சில கிலோபைட்டுகளை விட்டுக்கொடுத்துச் சோதிக்கத்தக்க எளிமையைப் பெறுவது அதன் வழி. உட்கூறுவரை விலக்கும் உரிமையைக் காப்பது பிஸிபாக்ஸின் வழி. நினைவகம் மிகக் குறைந்த கருவிகள் உள்ளவரை இரண்டாம் வழிக்கும் தேவை இருக்கும்.

உள்ளமைவு ஓர் ஆவணம்

தெரிவுகளின் இறுதி வடிவம் ஒரு சிறு உரைக்கோப்பு. அது தொலைந்தால், கருவியில் இயங்கும் நிரலை மீண்டும் அதே வடிவில் உருவாக்குவது கடினம். பழுது கண்டுபிடிக்கப்பட்ட பின் திருத்திய நிரலை அனுப்ப வேண்டிய நிறுவனம், முன்பு எவற்றைச் சேர்த்தோம் என்று அறியாவிட்டால், திருத்தத்துடன் புதிய குறைகளையும் அனுப்பும். பிஸிபாக்ஸ் பின்பற்றும் குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, மூலநிரல் என்பதற்குள் தொகுப்பையும் நிறுவுதலையும் கட்டுப்படுத்தும் நிரல்களையும் அடக்குகிறது. மூலக் கோப்புகளை மட்டும் தந்து, அவற்றை அந்த நிரலாக மாற்றிய வழியை மறைத்தால் பெறுபவரின் உரிமை பெயரளவினதாகிவிடும் என்பதே இதன் கருத்து. ‘பிபிகான்ஃபிக்’ என்ற குறுநிரல் இக்கருத்தின் தொழில்நுட்ப வெளிப்பாடு. அதனைச் சேர்த்துத் தொகுத்தால், எந்தத் தெரிவுகளுடன் தான் பிறந்தது என்பதை அந்நிரலே அச்சிட்டுக் காட்டும். அதுவும் ஒரு தெரிவே என்பதால், இடம் சேமிக்க விரும்புபவர் அதனையும் விலக்கிவிடலாம்.

முடிவுரை

பிஸிபாக்ஸின் உள்ளமைவு வரலாற்றில் தெரிவுகள் ஒரே கோப்பில் திரண்டு, கோப்புறைப் பட்டிகளில் பரவி, மூலநிரலின் உள்ளே தத்தம் குறுநிரலுடன் சேர்ந்தன. முதல் மாற்றம் தெரிவுகளுக்கிடையே உள்ள உறவைச் சொல்லும் தேவையால் நிகழ்ந்தது. அடுத்தது பராமரிப்போரின் மறதியைத் தடுக்கும் தேவையால் நிகழ்ந்தது. ‘எனேபிள்’ குறியீடுகள் அணைந்த பகுதிகளையும் தொகுப்பியின் பார்வைக்குள் கொணர்ந்தன. தெரிவு வழங்குதல் எளிது; வழங்கிய ஒவ்வொன்றையும் விளக்கி, சோதித்து, பதிவுசெய்து காப்பதே அரிது. ஒரு கருவியின் ஆயுள் முழுவதும் அதனைப் பழுதுநீக்க முடியுமா என்பது, அதன் நிரலை எழுதியவரின் திறனைப் பொறுத்தது போலவே, அதனைத் தொகுத்தவர் விட்டுச்சென்ற அச்சிறு உரைக்கோப்பையும் பொறுத்தது.