நீர்ப்பறவை வேட்டையும் மறைவுப் படகும்

பள்ளிப்பட்டைத் தொட்டுச் செல்லும் கொசத்தலை ஆறு, பூண்டி நீர்த்தேக்கத்தில் சற்றே தங்கி, எண்ணூரில் கடலொடு கலக்கின்றது. எண்ணூருக்கு வடக்கே, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளின் கிழக்கெல்லையாக விரிந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுவே. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடைய இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டைச் சேர்ந்தது. தென்கோடி மட்டுமே நம்முடையது. இத்துணைப் பரந்த நீர்ப்பரப்பின் சராசரி ஆழமோ ஒரு மீட்டர் அளவுதான். இச்சிறிய செய்தியை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்பேச்சின் பெரும்பகுதி ஆழமில்லாத நீரைப் பற்றியதே ஆகும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடநாடுகளிலிருந்து காட்டு வாத்துகள் இந்நீரை நாடி வருகின்றன. ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எனப் பல இனங்கள் உள. இவை வீட்டு வாத்தைப்போல் மந்தமானவை அல்ல. கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருத்தலால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் காணவல்லவை. திறந்த நீரின் நடுவில் மனிதன் எழுந்து நின்றால் துப்பாக்கிக் குண்டு எட்டாத தொலைவிலேயே கூட்டம் முழுவதும் மேலெழும்பிவிடும். ஆகவே வாத்து வேட்டையின் வரலாறு என்பது ஆயுதத்தின் வரலாறு என்பதினும், ஒளிந்துகொள்ளும் கலையின் வரலாறு என்பதே பொருந்தும்.

அக்கலைக்கு இரு கூறுகள் உண்டு. ஒன்று, வேட்டையாடுவோன் தன்னை மறைத்தல். மற்றொன்று, போலிப் பறவையையோ பழக்கிய பறவையையோ காட்டி மற்றவற்றை அழைத்தல். பின்னதற்குத் தமிழில் பண்டே பெயர் உண்டு. வேட்டைக்குப் பழக்கிய விலங்கைப் ‘பார்வை’ என்றனர் நம் முன்னோர். எயினர் குடிசை முற்றத்து விளாமரத்தடியில் பார்வை மான் கட்டப்பட்டிருந்த காட்சியைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. எகிப்து நாட்டில் நெபமுன் என்பானுடைய கல்லறை ஓவியத்தில், ஏறத்தாழ 3,350 ஆண்டுகளுக்கு முன்பே, நாணற்படகில் நின்று பறவை வேட்டையாடும் ஒருவன் தன் கையில் நாரைகளைப் பார்வையாகப் பிடித்திருப்பதைக் காண்கிறோம். அந்த ஓவியம் இன்று இலண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையில் உள்ளது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் குகையில் 1924ஆம் ஆண்டு கோரையால் முடைந்த 11 போலி வாத்துகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுக்கு வயது ஏறத்தாழ இரண்டாயிரம். ஒன்றையொன்று அறியாத மூன்று நாட்டு மாந்தர் ஒரே சூழ்ச்சியைக் கண்டது வியப்பன்று. வேட்டைப் பொருள் ஒன்றாயின் அறிவும் ஒரே வழியில் செல்லும் அன்றோ!

தன்னை மறைக்கும் முறைகளுள் மிக எளியது நம் இந்திய நாட்டு முறை. 19ஆம் நூற்றாண்டில் இந்திய வேட்டையைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர் இதை வியந்து குறித்துள்ளனர். வாத்துகள் மேயும் நீரில் சில மண்பானைகளைக் கவிழ்த்து மிதக்கவிடுவர். முதல் நாள் பறவைகள் மருளும். மறுநாள் பானையருகே வந்து மேயும். பின்னர் வேடன், கண்ணுக்குத் துளையிட்ட பானை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் மெல்ல நடந்து செல்வான். மிதக்கும் பானைகளுள் ஒன்றாகவே அவன் தோன்றுவான். கையெட்டும் தொலைவில் வாத்தின் காலைப் பற்றி நீருள் இழுத்து, இடுப்பிற் கட்டிய கயிற்றில் செருகிக்கொள்வான். ஓசையில்லை, புகையில்லை, பக்கத்து வாத்துக்கும் செய்தி தெரியாது. எனினும் ஒருவன் ஒரு நாளில் எத்தனை பிடித்துவிட முடியும்? அவனுடைய மூச்சும், குளிரும், இடுப்புக் கயிறும் இட்ட எல்லைக்கு மேல் அவன் செல்ல இயலாது. இவ்வெல்லையை மறவாதீர்கள்.

படகுக்கு வருவோம். சிறு படகை மறைவிடமாக மாற்றுவதில் மூன்று இடர்கள் உண்டு. முதலாவது, விளிம்பின் உயரம். நீர்மட்டத்திற்கு மேல் ஒரு முழம் எழுந்தாலும் அடிவானத்தில் அது கருங்கோடாகத் தெரியும். இரண்டாவது, நிலைப்பு. உயரத்தைக் குறைக்கக் கருதிப் படகைக் குறுக்கினால், துப்பாக்கியோடு ஒருபுறம் சாயும்போது அது கவிழும். ஆதலின் தட்டையான அடியும் அகன்ற வயிறும் வேண்டும். மூன்றாவது, போர்வை. படகின்மேல் பரப்பும் புல் அவ்விடத்துப் புல்லாகவே இருத்தல் வேண்டும். வேடந்தாங்கல் போன்ற நன்னீர் ஏரியில் சம்பும் கோரையும் பொருந்தும். பழவேற்காட்டிலோ உவர்மண்ணில் உமரிபோன்ற குட்டைச் செடிகளே மிகுதி. அங்கே ஆளுயர நாணற்கட்டை நட்டுக்கொண்டு வரும் படகு, ஒளிவதற்கு மாறாகத் தன்னைத் தானே பறையறைந்து காட்டும்.

இம்மூன்றையும் ஒருங்கே தீர்த்தவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து வெஸ்ட் கிரீக் என்னும் ஊரினரான ஹேசல்டன் சீமன். 1836இல் அவர் கட்டிய படகு ஏறத்தாழ 12 அடி நீளம். கரண்டியைப் போன்ற அடி. மேலே வளைந்த மூடுதளம். நடுவில் ஓராள் படுக்கும் அளவு திறப்பு. தளத்தின்மேல் உவர்நிலப் புல்லைப் பரப்பிவிட்டால் அது ஒரு சிறு திட்டாகிவிடும். துடுப்பும் பாயும் பொருத்தலாம். பனிக்கட்டியின்மேல் இழுத்தும் செல்லலாம். அதன் உறுதிக்குச் சான்று வேண்டுமாயின், நதானியல் பிஷப் என்பார் 1875இல் அத்தகைய படகில் தனியே புறப்பட்டு, ஒகையோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியே மெக்சிகோ வளைகுடா வரை சென்ற கதையைக் காண்க. அதனை அவர் 1879இல் நூலாக வெளியிட்டார்.

அதே நாட்டில் செசபீக் விரிகுடாவில் இதனினும் கொடிய ஒரு கருவி தோன்றியது. சவப்பெட்டி போன்ற மரப்பெட்டி. நாற்புறமும் துணி போர்த்திய மிதவைச் சட்டங்கள். பெட்டி நீர்மட்டத்தோடு மட்டமாக அமிழும்படி இரும்பினால் வார்த்த போலி வாத்துகளையே எடைக்கற்களாக அதன்மேல் வைப்பர். சுற்றிலும் நூற்றுக்கணக்கான மரவாத்துகள் மிதக்கும். பெட்டியில் படுத்திருப்பவனோ நீருக்குக் கீழே இருப்பான்! அவன் எழுந்து உட்காரும் கணத்தில்தான் பறவை அவனைக் காணும்.

இங்கிலாந்தில் கர்னல் பீட்டர் ஹாக்கர் போன்றோர் வளர்த்த படகுப் பீரங்கி மற்றொரு வகை. ஹாக்கர் 1814இல் இளம் வேட்டைக்காரர்க்கென நூல் எழுதியவர். தட்டையான தாழ்ந்த படகின் முனையில் ஆளைவிட நீளமான துப்பாக்கி கிடத்தப்பட்டிருக்கும். வேட்டைக்காரன் குப்புறப் படுத்துக் கைத்துடுப்பால் தள்ளிச் செல்வான். துப்பாக்கி குறி பார்ப்பதில்லை. படகே குறி பார்க்கும். ஒரே வெடியில் அரைக்கிலோவுக்கு மேற்பட்ட ஈயச் சிதறல் நீர்மட்டத்தில் வீசும். அதன் பின்னுதைப்பு எவனுடைய தோளையும் முறித்துவிடும் ஆதலால், துப்பாக்கியைத் தடித்த கயிற்றினால் படகின் முன்கட்டையோடு பிணைத்திருப்பர். உதை முழுவதையும் படகு ஏற்றுப் பின்னோக்கி வழுக்கும். நியூட்டனின் மூன்றாம் விதியைக் கற்பிக்கும்போது நான் இவ்வெடுத்துக்காட்டைக் கூறுவதுண்டு. வகுப்பில் உறங்குவோரும் அன்று விழித்துக்கொள்வர்!

பானைக்கும் இப்படகுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். மறைவு ஒன்றே, எல்லை போய்விட்டது. பிடித்த பறவைகளை நகரச் சந்தைக்கு விரைந்து கொண்டுசெல்ல இருப்புப்பாதையும் வந்தபின், அழிவு கண்கூடாயிற்று. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டம் பிறந்தது. 1935இல் அமிழ்பெட்டியும் உயிருள்ள பார்வைப் பறவையும் தடுக்கப்பட்டன. இங்கிலாந்தில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் படகுத் துப்பாக்கியின் உட்குழல் ஒன்றேமுக்கால் அங்குலத்தை மிகலாகாது என வரையறுத்தது.

நம் நாட்டிலோ 1887, 1912ஆம் ஆண்டுகளில் பறவைக் காப்புச் சட்டங்கள் ஏட்டில் ஏறியும், பெருவேட்டைகள் நின்றபாடில்லை. பரத்பூரில் 1938 நவம்பர் 12ஆம் நாள், அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபுவின் குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அவ்வெண்ணைக் கல்லிலே பொறித்தும் வைத்தனர். கரைதோறும் மறைவிடங்களை நிரல்படுத்தி விருந்தினரை நிறுத்திய அவ்வேட்டையில் உணவுத் தேவைக்கு இடமேது?

இவ்விடத்தில் நம் செங்கற்பட்டு உழவர்களை நினைவுகூராமல் இருத்தல் இயலாது. வேடந்தாங்கல் என்னும் பெயரே வேட்டையைச் சுட்டுவது. வெள்ளைச் சிப்பாய்கள் அவ்வேரிப் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் படைதிரட்டவில்லை, ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798 அளவில் ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமையை ஒப்பிக் கவுல் என்னும் ஆவணம் வழங்கினார். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் நெல்வயலுக்கு நல்லுரம் என்பதை அவ்வூரார் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அங்குக் கூடு கட்டுவன பெரும்பாலும் நாரை, கொக்கு இனங்களே. வாத்து வேட்டையோடு அதனை முற்றும் ஒப்பிடுதல் சரியன்று. ஆயினும் சீமனின் படகு பிறப்பதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே, நம் சிற்றூர் ஒன்று துப்பாக்கிக்கு எதிராக எழுத்து வடிவில் உரிமை பெற்றது என்பதை, வரலாற்று நூல்கள் இன்னும் சற்று உரக்கக் கூறலாம்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும், சிறு வேட்டைக்கென உரிமம் பெறும் வழி அதில் விடப்பட்டிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வழியை அடைத்தது. அதற்குள், 1980இல், பழவேற்காட்டு ஏரியின் தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயமாகிவிட்டது. அங்குள்ள மீனவர்களோ, ‘பாடு’ என்னும் முறைப்படி இன்ன ஊரார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடலாம் என்று தமக்குள் வரையறுத்து, நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் மரபினர்.

1987 முதல் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. ஆழமற்ற நீரில் அஞ்சும் பறவையை அணுகும் பழைய இடர் கணக்கெடுப்போர்க்கும் உண்டு. அவர்களும் தாழ்ந்த படகில், மங்கிய நிற ஆடையணிந்து, விரைவாகக் கையசைக்காமல், மூங்கிற்கழியால் மெல்லத் தள்ளிச் செல்ல வேண்டியவர்களே. கையில் இருப்பவை தொலைநோக்கியும் குறிப்பேடும்; கூட்டம் எழும்பிவிட்டால் எண்ணிக்கை தவறும்; மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.